நெற்றிக்குள் பொக்கு

இந்தக் காலத்தில் எவனும் தட்டிப் பார்ப்பதில்லை. கலவையை அப்புகிறான், டைல்ஸை ஒட்டுகிறான், கைப்பேசியில் ஒரு படம் எடுத்து அனுப்புகிறான், கையைக் கழுவிக்கொண்டு போய்விடுகிறான். வீட்டுக்காரனும் பளபளப்பைப் பார்த்துத் தலையாட்டுகிறான். ஆறு மாதம் கழித்து யாரோ குளித்துக்கொண்டிருக்கும்போது பாதிச் சுவர் காலடியில் வந்து விழும். போய்க் கேட்டால், "உங்க தண்ணி சரியில்லைங்க" என்பான். தட்டினால் சுவர் பதில் சொல்லும். அதைக் காது கொடுத்துக் கேட்க ஆள் வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

ரசமட்டம் தட்டிப் பார்ப்பார். குமிழி நடுக்கோட்டில் நிற்காவிட்டால் பெற்ற தகப்பன் சொன்னாலும் நம்பமாட்டார் என்று கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பேர் அது. நாற்பது வருடமாக டைல்ஸ் வேலை. ஒவ்வொரு கல்லையும் ஒட்டி முடித்ததும் கரண்டியின் மரப்பிடியால் நாலு மூலையிலும் நாலு தட்டு. டக், டக், டக், டக். ஒரு மூச்சு விட்டு, நடுவில் ஒன்று. டக். உள்ளே காற்று நின்றிருந்தால் அந்த ஐந்தாவது தட்டு காட்டிக்கொடுத்துவிடும். சத்தம் 'டொப்' என்று வரும். அதற்குப் பேர் பொக்கு. பொக்கு விழுந்த கல் இன்றைக்கோ நாளைக்கோ கழன்றுவிடும்.

அன்றைக்குக் காலை நாலாவது மாடியில் ஒரு குளியலறையில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தார். ஜன்னல் இல்லாத அறை. வாசலில் ஒயரில் தொங்கிய ஒற்றை பல்பு அவர் நிழலையே அவர் வேலை செய்யும் சுவரில் போட்டு மறைத்தது. ஈரக் கலவையின் வாடை, வெட்டிய கல்லின் புழுதி, எங்கோ கீழே ஒரு குழாய்க்குள் தண்ணீர் விக்கி விக்கி இறங்கும் சத்தம். கல் வரிசை நேராக ஓடுகிறதா என்று பார்க்க நெற்றியைச் சுவரில் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தன் பாட்டுக்குத் தட்டினார். நாலு மூலையும் சரி. நடுவில் டொப்.

நெற்றியை எடுத்துவிட்டு மறுபடி தட்டினார். டக்.

நெற்றியை வைத்தார். டொப்.

வெளியே கலவை குழைத்துக்கொண்டிருந்த சித்தாள் அம்மா எட்டிப் பார்த்தாள். "என்ன மேஸ்திரி, ஒரே கல்லை அரை மணி நேரமா கொஞ்சிட்டு இருக்கீங்க?"

"உள்ள பொக்கு இருக்கு."

அவள் வந்து தன் விரல் முட்டியால் தட்டினாள். "கும்முனு இருக்கு மேஸ்திரி. பொக்கு உங்க தலையிலதான்." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

ரசமட்டம் சிரிக்கவில்லை. இடது புருவத்துக்கு மேலே, எட்டு மாதத்துக்கு முன் வைத்த இடத்தில், ஒரு விரலை மெதுவாக வைத்துப் பார்த்தார்.

அங்கே எலும்பு இல்லை. சிமெண்ட் இருந்தது.

எட்டு மாதத்துக்கு முன் சாரத்திலிருந்து கால் வழுக்கி விழுந்ததில், இரும்புக் குழாயின் முனை நெற்றியில் இடித்து எலும்பு உடைந்து உள்ளே போனது. டாக்டர் உடைந்த சில்லுகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு, அந்தப் பள்ளத்தை எலும்புச் சிமெண்டால் அடைத்தார். நினைவு வந்த மூன்றாம் நாள் ரசமட்டம் கேட்ட முதல் கேள்வி, "டாக்டர், எத்தனை நாள் தண்ணி ஊத்தி ஆற விடணும்?"

டாக்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அதெல்லாம் அங்கயே முடிஞ்சிடுச்சு ஐயா. ஒரு பொடி, ஒரு திரவம். கலந்தா மாவு மாதிரி வரும். பத்து நிமிஷத்துல இறுகிடும். இறுகும்போது சூடாகும், அதனால குளிர்ந்த உப்புத் தண்ணி ஊத்திட்டே இருப்போம்."

"எலும்போட ஒட்டுமா?"

"ஒட்டாது. கவ்விட்டு நிக்கும்."

"ஒட்டாத சிமெண்ட் என்ன சிமெண்ட்?" என்றார் ரசமட்டம். பிறகு, "பின்னாடி பொக்கு இல்லாம பாத்தீங்களா? தட்டிப் பாத்தீங்களா?"

"உங்க தலையையா? கொத்தனாருக்கு வைத்தியம் பாக்குறது பெரிய பாடு" என்று டாக்டர் பக்கத்திலிருந்த நர்ஸிடம் சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார். தட்டிப் பார்த்ததாக அவர் சொல்லவே இல்லை. அதை ரசமட்டம் மறக்கவில்லை.

வேலையில் அந்த 'டொப்' கேட்ட அன்று மாலை வீட்டுக் குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று, சுட்டுவிரல் முட்டியால் நெற்றியைத் தட்டினார். வலப்பக்கம் டக். இடப்பக்கம் டொப். வேலையில் செய்வதுபோலவே பென்சிலை எடுத்து, பொக்கு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தட்டித் தட்டி நெற்றியிலேயே கோடு போட்டார். ஒரு புளியங்கொட்டை அளவுதான். தோல் மேலே கொஞ்சம் பளபளப்பாக, வெந்நீர் பட்டதுபோல இருந்தது.

வெளியே தையல் மெஷினில் இருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள். "என்னங்க, நெத்தியில என்ன கோலம்?"

"அளவு."

"எதுக்கு அளவு? சட்டை தைக்கவா?"

அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். மறுநாள் பொக்கு கோட்டைத் தாண்டியிருந்தது. மூன்றாம் நாள் புருவம் வரைக்கும் வந்துவிட்டது. சாப்பிட உட்கார்ந்தால் மூக்குக்குள்ளிருந்து ஒரு வாடை. நகத்துக்குப் பூசுவார்களே அந்தச் சாயத்தின் வாடை, அதற்கு அடியில் அழுகின தண்ணீர். மனைவிக்கு வரவில்லை. மோந்து பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லீங்க, ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை போய்ட்டு வந்துருவோமே" என்றாள். "போனா கத்தியைத் தூக்குவான்" என்றார்.

ஐந்தாம் நாள் மத்தியானம் கண்ணாடி முன்னால் நின்று ஒழுங்காகவே தட்டினார். கோட்டின் நாலு மூலையிலும் நாலு. நிறுத்தி, நடுவில் ஒன்று.

கையை இறக்கினார். குழாயைத் திறக்கப் போனார்.

டக், டக், டக், டக்.

கை குழாயிலேயே நின்றது. அந்தச் சத்தம் காது வழியாக வரவில்லை. பல்லில் கேட்டது. இடது கண்ணுக்குப் பின்னால், சாமான் அடைத்து வைத்த அறையின் கதவை உள்ளேயிருந்து யாரோ தட்டுவதுபோல, மரியாதையாக, அளவாக நாலு தட்டு. ஐந்தாவது வரவில்லை. அவர் அதற்காகக் காத்திருந்தார். குழாயிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று விழுந்தது. வரவில்லை.

ஐந்தாவதை அவர் தட்டவேண்டும் என்று அது காத்திருக்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது.

தட்டவில்லை. விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்து, மனைவியின் மெஷினுக்குப் பக்கத்தில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டார். கடகடவென்று மெஷின் ஓடும்வரை எதுவும் கேட்கவில்லை. அவள் நூல் மாற்ற நிறுத்தும்போதெல்லாம் கேட்டது.

ஒரு வீட்டுக்குள் சத்தம் வந்தால் மனிதன் வெளியே ஓடலாம். வாசலில் நின்று நாலு பேரைக் கூப்பிடலாம். இது அவர் போன இடமெல்லாம் கூடவே வந்தது. பேருந்தில் ஏறினார், வந்தது. சாரத்தில் ஏறினார், வந்தது. சித்தாள் அம்மா "என்ன மேஸ்திரி, காதுல பூச்சி போய்டுச்சா, தலையை இப்படி உதறுறீங்க?" என்றாள். வேலைக்குப் போவதை நிறுத்தினார். அது நிறுத்தவில்லை.

அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். பொக்கு விழுந்த கல்லைக் கழற்ற மனம் இல்லாவிட்டால் அதன்மேல் பாரம் ஏற்றுவார்கள். ரெண்டு செங்கல், ஒரு மூட்டை, கையில் கிடைப்பது எதுவாவது. ஒரு பகல் முழுக்க அழுத்தி வைத்தால் சில கல் அடங்கிவிடும். எல்லாம் அடங்காது. சில அடங்கும்.

ஒரு நாள் மதியம் மனைவி மெஷினில் இருக்கும்போது குளியலறைத் தாழைப் போட்டார். ஈரமில்லாத பக்கமாகத் தரையில் மல்லாந்து படுத்தார். துண்டை நாலாக மடித்து நெற்றியில் வைத்து, அதன்மேல் சமையலறைத் திண்டுக்கு வெட்டி மிஞ்சிய கருங்கல் துண்டைத் தூக்கி வைத்தார். ரெண்டு கிலோ இருக்கும். தரையின் குளிர்ச்சி முதுகில் ஏறியது. துண்டின் சோப்பு வாடையையும் தாண்டி அந்த நகச்சாய வாடை தொண்டையில் இறங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் ஒரு நீளமான தையலை விடாமல் ஓட்டிக்கொண்டே போனது. கல்லின் பாரத்தில் இடது கண் தானாக மூடிக்கொண்டது. வலது கண்ணால் கூரையைப் பார்த்தார். வாளி. குழாய். கதவின் அடி இடுக்கில் ஒரு கோடு வெளிச்சம்.

அடங்கிவிட்டது என்று நினைத்தார்.

டக்.

மெல்ல. கல்லுக்கு அடியில்.

டக், டக், டக்.

கொஞ்சம் பலமாக. துண்டு அசைந்தது. அவர் ரெண்டு கையாலும் கல்லைப் பிடித்து அழுத்தினார். நெற்றிக்குள் ஏதோ விலகியது. கறுப்பு வலி ஒன்று கண்ணின் ஓரமாக ஓடியது. விடாமல் அழுத்தினார்.

உள்ளே அது நிதானத்தை விட்டுவிட்டது. இப்போது எண்ணிக்கை இல்லை. கதவை இடித்தது. இரண்டு கையாலும் இடித்தது. மூச்சு முட்டுகிறவன் இடிப்பதுபோல. கல் எழும்பியது. ஒரு நெல் உயரம். விழுந்தது. எழும்பியது. அவர் கை இரண்டும் அதன்மேல் இருந்தன. அவர் தூக்கவில்லை.

மெஷின் நின்றது.

டக், டக், டக், டக்.

ஒரு மூச்சு.

டக்.

ஐந்தாவதும் வந்துவிட்டது.

"என்னங்க!" மனைவியின் குரல் கதவுக்கு வெளியே. "இதோ வந்துட்டேன், இதோ!" அவள் தோளால் இடித்த இடியில் அந்தச் சின்னத் தாழ் பிடுங்கிக்கொண்டு வந்தது. கல் உருண்டு தரையில் விழுந்தது. துண்டு நனைந்திருந்தது. ரத்தம் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் மஞ்சள்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டியில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அழுதுகொண்டே ஒரு மாதிரி சந்தோஷத்தில் இருந்தாள். அது அவருக்குப் பிடிக்கவில்லை.

"எப்படி வந்தே?" என்று கேட்டார். "நான் கூப்பிடவே இல்லையே."

"தட்டினீங்களே. நாலு, அப்புறம் ஒண்ணு. உங்க தட்டு எனக்குத் தெரியாதா? முப்பது வருஷமா அதைக் கேட்டுத்தானே கதவு திறக்குறேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "விழுந்து எந்திரிச்சதுல இருந்து ஒரு நாள் கூட நீங்க கதவைத் தட்டல. வெளியில போய்ட்டு வந்தா அந்த பெல்லைத்தான் அமுக்குறீங்க, யாரோ பார்சல் கொண்டு வந்தவன் மாதிரி. எட்டு மாசம். இன்னிக்குத்தான் தட்டினீங்க."

ரசமட்டம் யோசித்துப் பார்த்தார். பெல்லை அமுக்கியது ஞாபகம் இருந்தது. அதற்கு முன்னால் கதவைத் தட்டியது ஞாபகம் இல்லை. தட்டினோம் என்பது தெரியும். யாரோ சொல்லித் தெரிந்ததுபோலத் தெரியும்.

டாக்டர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. ஸ்கேன் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். "சிமெண்டுக்குப் பின்னாடி சீழ் கட்டியிருக்கு. புருவத்துக்குப் பின்னாடி மூக்கோட சேர்ந்த ஒரு காத்தறை இருக்கு, கிருமி அந்த வழியா வந்திருக்கும். சிமெண்ட் எலும்பை விட்டு விலகிடுச்சு. இதுல கல்லை வேற வெச்சு அழுத்தியிருக்கீங்க."

"உள்ளேர்ந்து தட்டுது டாக்டர்."

"ரத்த ஓட்டம் துடிக்கும். விலகின சிமெண்ட் அந்தத் துடிப்புல ஆடும். அது தட்டுற மாதிரி கேக்கலாம்."

"எண்ணித் தட்டுமா?"

டாக்டர் ரசமட்டத்தின் மனைவியைப் பார்த்தார். "அம்மா, இன்னிக்கே எடுக்கணும். சீழ் மூளைக்கு ஏறிட்டா ஆளைக் காப்பாத்த முடியாது."

"எடுத்துட்டு அந்த எடத்துல என்ன வெப்பீங்க?" என்றார் ரசமட்டம்.

"இப்ப எதையும் வைக்க முடியாது. கிருமி முழுசாப் போகணும். ஆறு மாசம் தோல் மட்டும்தான். அப்புறம் வேற வெக்கலாம்."

"கதவைக் கழட்டிட்டுத் திரை போடுறீங்க."

"அப்படித்தான் வெச்சுக்கங்களேன்."

"உள்ள இருக்கறது வெளிய வந்துட்டா?"

"மூளை எல்லாம் வெளிய வராது ஐயா, பயப்படாதீங்க." அதே குரலில் ரசமட்டம் எத்தனையோ வீட்டுக்காரர்களிடம் பேசியிருக்கிறார். சுவர் எல்லாம் விழாதுங்க, பயப்படாதீங்க.

கையெழுத்து போடாமல் ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். போட்டால் திறப்பார்கள். போடாவிட்டால் சாவு. மனைவி காகிதத்தை மடியில் வைத்து நீட்டிக்கொண்டே இருந்தாள். "போடுங்க, எனக்காகப் போடுங்க" என்றாள். சொல்லும்போது அவள் பார்வை அவர் கண்ணில் இல்லை. கட்டு போட்ட நெற்றியில் இருந்தது. கடைசியில் ஒரே ஒரு நிபந்தனை போட்டுத்தான் பேனாவை வாங்கினார். எடுத்ததை அவர் கண்ணில் காட்டவேண்டும்.

காட்டினார்கள். பன்னிரண்டு நாள் கழித்து வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன அன்று காலை, மூடி போட்டு ஒட்டிய ஒரு கண்ணாடி டப்பாவை டாக்டர் கொண்டுவந்து கட்டில் மேஜையில் வைத்தார். உள்ளே உள்ளங்கையில் பாதி அகலத்துக்கு ஒரு வெள்ளைச் சில்லு. அறுவை முடிந்ததிலிருந்து சத்தம் இல்லை. பன்னிரண்டு நாளும் ஒரு தட்டு கூட இல்லை. அந்த நிம்மதியில் ரசமட்டம் டப்பாவை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கித் திருப்பினார்.

வெளிப்பக்கம் வழவழப்பு. டாக்டர் நல்ல வேலைக்காரர்தான்.

உட்பக்கம் குழி இருந்தது.

நாலு குழி, வரிசையாக. கீழே, வலது ஓரத்தில் ஐந்தாவது, கொஞ்சம் அகலமாக. ஈரக் கலவையில் விரல் பட்டால் என்ன ஆகும் என்று நாற்பது வருடம் பார்த்த கண் அது. விளிம்பு மேலே பிதுங்கும். நகம் பட்ட இடத்தில் பிறை மாதிரி ஒரு வெட்டு விழும். பத்து நிமிடத்தில் இறுகுகிற, சுடச்சுட இருக்கிற சிமெண்டை உள்ளேயிருந்து வெளியே தள்ளியிருக்கிறது ஒரு கை. இடது கை. மோதிர விரலின் குழி மட்டும் மற்றதைவிடத் தாழ்ந்து, மொண்ணையாக, பிறை இல்லாமல் இருந்தது.

ரசமட்டத்துக்கு இடது மோதிர விரலில் நுனி கிடையாது. கல் வெட்டும் மெஷினில் போய்ப் பத்தொன்பது வருடம் ஆகிறது.

"மூளைக்கு மேல ஒரு உறை இருக்கு" என்றார் டாக்டர். "அதோட மடிப்பு பதிஞ்சிருக்கும். சகஜம்தான்."

"சரிங்க டாக்டர்."

"ஏதாவது சந்தேகம் இருக்கா?"

டப்பாவுக்கு வெளியே விரலை வைத்து அளவு பார்க்கலாம். ஒரு நிமிட வேலை. வாழ்க்கையில் எதையும் அளந்து பார்க்காமல் விட்டவர் இல்லை. ரசமட்டம் இடது கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். "இல்லீங்க" என்றார்.

மனைவி பையைத் தூக்கிக்கொண்டாள். நெற்றியில் இப்போது மெல்லிய துணி மட்டும்தான். அதைச் சரி செய்கிற சாக்கில் அவள் இடது புருவத்துக்கு மேலே, எலும்பு இல்லாத அந்த மெத்தையில், உள்ளங்கையை வைத்தாள். வைத்தவள் எடுக்கவில்லை. முகம் மெல்ல மலர்ந்தது. சுட்டுவிரலைத் தூக்கி, தூங்கும் குழந்தையைத் தொடுவதுபோல, அந்த இடத்தில் ஒரே ஒரு தடவை தட்டினாள்.

"என்னங்க?" என்றாள். அவரிடம் இல்லை.

அவர் அவள் கையைத் தட்டிவிட்டு நடந்தார். நீளமான நடைவழி, மருந்து வாடை, இரண்டு பக்கமும் சாத்திய கதவுகள். அவள் செருப்புச் சத்தம் பின்னால் ஓடி வந்தது. கோடியில் ஆள் உயரக் கண்ணாடிக் கதவு. அதில் துணி நழுவிய நெற்றியோடு ஒரு கிழவர் எதிரே வந்துகொண்டிருந்தார். நெற்றித் தோல் ஏறி இறங்கியது. துடிப்புதான். டாக்டர் சொல்லியிருக்கிறார்.

அப்புறம் அது இறங்கவில்லை. கூடாரத் துணியை உள்ளேயிருந்து தாங்குவதுபோல நாலு இடத்தில் நாலு முனை நிமிர்ந்தது. கீழே ஒன்று. நாலில் ஒன்று குட்டை.

துடிப்புக்கு எதற்கு விரல்?

ரசமட்டம் துணியை இழுத்து விட்டுக்கொண்டு, கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளி, வெயிலில் இறங்கி நடந்தார். தட்டிப் பார்க்கவில்லை.